இந்த இடமே ஏன்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் அரசு மருத்துவமனையை ஒட்டிய தெருவில் 17 வீடுகள் உள்ளன. மகப்பேற்றுக்கும் டயாலிசிஸுக்கும் புதிய கட்டடம் கட்டுவதற்காக எங்கள் தெருவை எடுக்கப் போவதாகச் சொல்லி, இரண்டு மாதங்களுக்கு முன் வந்து அளந்து போனார்கள். என் அண்ணனே வாரம் இருமுறை டயாலிசிஸுக்காகத் திருவனந்தபுரம் போய் வருகிறார். கட்டடம் வந்தால் அவருக்கு அலைச்சல் தீரும். எங்களுக்கோ வீடு போய்விடும். ஊர்க் கூட்டத்தில், 'பதினேழு வீட்டுக்காக ஒரு தாலுகாவே கஷ்டப்பட வேண்டுமா?' என்று கேட்கிறார்கள். தெருவில் உள்ளவர்கள், 'உன் அண்ணனுக்காக எங்களைக் காட்டிக் கொடுக்கிறாயா?' என்கிறார்கள். நான் எந்தப் பக்கம் நிற்பது?
— ஒரு வாசகி, விளவங்கோடு வட்டம்

பதில்: பக்கம் பார்ப்பதைச் சற்றே தள்ளி வையுங்கள். உங்கள் ஊரில் கேள்வியை 'மருத்துவமனையா, வீடுகளா?' என்று போட்டுவிட்டார்கள். அப்படிப் போட்ட பிறகு யார் என்ன பதில் சொன்னாலும் ஒருவர் மற்றவருக்குத் துரோகி ஆகிவிடுவார். அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த இடமே ஏன்? இதைத் தெருக்காரர்களின் பிடிவாதம் என்று யாராவது சொன்னால், சட்டமே கேட்கச் சொல்லும் கேள்வி இது என்று பதில் சொல்லுங்கள். 1894ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக வந்து, 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், அறிவிக்கை வெளியிடுவதற்கு முன்பே சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்கிறது. எடுக்கப்போகும் நிலம் மிகமிகக் குறைந்தபட்ச அளவுதானா என்பதையும், வேறு இடம் பரிசீலிக்கப்பட்டு ஒத்துவராது என்று முடிவானதா என்பதையும், எத்தனை குடும்பங்கள் இடம்பெயரும் என்பதையும் அந்த அறிக்கை சொல்லியாக வேண்டும் என்று பிரிவு 4 கூறுகிறது. முன்பு எடுத்துப் பயன்படுத்தாமல் போட்ட நிலம் அப்பகுதியில் இல்லை என்பதையும் அரசு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நம் குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதல்ல என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கிழக்கே போனால் நத்தத்தில் வீடுகள் நெருங்கி நிற்கும், சுற்றிலும் வயலும் தரிசும் கிடக்கும். அதிகாரிகள் வரைபடத்தை விரித்து ஒரு புறம்போக்கைத் தேடி எடுத்துவிடலாம். குமரியின் மேற்குப் பகுதியில் ஒவ்வொரு வீடும் தன் புரையிடத்தின் (வீட்டுத் தோட்டத்தின்) நடுவில், தென்னையும் பலாவும் நல்லமிளகுக் கொடியும் சூழத் தனியாக நிற்கிறது. ஒரு புரையிடம் முடியும் கையாலையிலேயே (எல்லைச் சுவரிலேயே) அடுத்தது தொடங்கிவிடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், சென்னைக்கு அடுத்தபடி தமிழ்நாட்டிலேயே நெருக்கம் மிகுந்த மாவட்டம். பள்ளிக்கூடமோ, பேருந்து நிலையமோ, சார்பதிவாளர் அலுவலகமோ, எது வந்தாலும் அது யாராவது ஒருவரின் முற்றத்தில்தான் வந்து விழும். ஆகவே உங்கள் தெருவைக் குறித்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் கருதவில்லை. ஆனால் வெற்றிடமே இல்லாத ஊரில், அரசு தன் கைவசம் உள்ள இடத்தை முதலில் துழாவிப் பார்க்கும் கடமை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. மருத்துவமனை வளாகத்திற்குள் யாரும் குடியிருக்காத ஊழியர் குடியிருப்பு இருக்கிறதா, ஒற்றைத் தளக் கட்டடம் ஏதாவது இடித்துக் கட்டும் நிலையில் இருக்கிறதா, புதிய கட்டடத்தை இரண்டு தளம் உயர்த்தினால் எத்தனை சென்ட் மிச்சமாகும் என்பதையெல்லாம் கேளுங்கள். 2001இல் நமக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தபோது அது ஆசாரிப்பள்ளத்தில் இருந்த பழைய காசநோய் மருத்துவமனை வளாகத்தில்தான் அமைந்தது என்பதை இங்கே நினைவூட்டலாம்.

தெருவில் இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுவது உங்கள் கடிதத்தின் பிற்பகுதியிலிருந்து தெரிகிறது. 'நாம் யாரும் சம்மதிக்காவிட்டால் எடுக்க முடியாது' என்பது ஒன்று. எண்பது விழுக்காட்டினர் சம்மதம், எழுபது விழுக்காட்டினர் சம்மதம் என்பதெல்லாம் தனியார் நிறுவனங்களுக்கும் அரசு–தனியார் கூட்டுத் திட்டங்களுக்கும் உரியவை. அரசே கட்டி அரசே நடத்தும் மருத்துவமனைக்கு அந்த விதி இல்லை. 'அவசரம் என்று சொல்லி நாளைக்கே காலி செய்துவிடுவார்கள்' என்பது மற்றொன்று. பழைய சட்டத்தில் அவசரப் பிரிவு எதற்கும் கை கொடுத்தது உண்மைதான். இப்போது அது நாட்டுப் பாதுகாப்பு, இயற்கைப் பேரிடர், நாடாளுமன்றம் ஒப்புதல் தரும் பிற அவசர நிலை ஆகியவற்றோடு நின்றுவிட்டது. சாலை விரிவாக்கத்தில் வீடிழந்த உங்கள் உறவினரின் அனுபவத்தையும் இதோடு சேர்க்க வேண்டாம். மாநில நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி எடுத்தால் வழி வேறு. அந்தச் சட்டத்திற்கு 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தமிழ்நாடு தனித் திருத்தத்தின் மூலம் விலக்குப் பெற்றிருக்கிறது.

நான் நில எடுப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பொதுக் கட்டடத்திற்காக இதே போன்ற ஒரு தெருவை மதிப்பிடப் போயிருந்தேன். கையில் அச்சடித்த படிவம். சுவர், கூரை, கிணறு, கக்கூஸ், தென்னை எத்தனை, பலா எத்தனை என்று பத்திகள். ஒரு வீட்டின் பின்புறம் வாழைகளுக்கு நடுவே சுண்ணாம்பு பூசிய ஒரு மேடு இருந்தது. அந்த வீட்டு ஆச்சி என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்து, "மக்களே, எங்க அவிய இங்கதான் கெடக்காவ, இத எதுல எழுதுவிய?" என்று கேட்டார். நான் மேலதிகாரியிடம் கேட்டேன். 'குறிப்புரை' பத்தியில் எழுதச் சொன்னார். எழுதினேன். பிறகு அந்தக் குறிப்புரையை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சொந்தப் புரையிடத்தில் இறந்தவர்களை அடக்கும் வழக்கம் உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. வெளியூரில் அச்சாகும் படிவத்திற்கு அது தெரியாது. தெருவின் கணக்கை அரசுக்கு முன்பாகத் தெருவே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அந்த மேடுதான் காரணம்.

அந்தக் கணக்கில் முதலில் வர வேண்டியவர்கள் பிரமாணம் (சொத்துப் பத்திரம்) கையில் இல்லாதவர்கள். 17 வீடுகளில் ஆறு வீட்டில் வாடகைக்காரர்கள், இரண்டு வீட்டில் ஒற்றிக்காரர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நிலம் இல்லாவிட்டாலும், எடுக்கப்படும் இடத்தில் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் குடியிருந்த நகர்ப்புறக் குடும்பத்தையும், அங்கே பிழைப்பு நடத்தி அதை இழப்பவர்களையும் சட்டம் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்றே கொள்கிறது. மின் ரசீது, ரேஷன் கார்டு, பிள்ளையின் பள்ளிச் சான்று, வாடகைக் குறிப்பேடு என்று ஆண்டு தெரியும் எந்தத் தாளையும் தூக்கி எறியாதீர்கள். ஒற்றிக்காரர் நிலை இன்னும் மோசமானது, ஏனென்றால் அவர் பணம் உரிமையாளர் கையில் இருக்கிறது, எழுதியதோ பெரும்பாலும் பதியாத வெள்ளைத் தாளில். இழப்பீட்டுத் தொகை உரிமையாளர் கணக்கில் ஏறிய பிறகு அவர் பின்னால் அலைவதைவிட, பிரிவு 21இன்படி உரிமை கோரும் அறிவிப்பு வரும்போதே தன் ஒற்றித் தொகையை எழுத்தில் கோரிவிடுவது நல்லது. ஒன்று சொல்ல வேண்டும்: சட்டப்படியான எடுப்புக்குப் பதிலாக 'பேச்சுவார்த்தையில் வாங்கிக்கொள்கிறோம், சீக்கிரம் முடியும்' என்று ஒரு யோசனை வரக்கூடும். சொந்தக்காரருக்கு அது இனிக்கும். ஆனால் அந்த மேசையில் கையெழுத்துப் போட நாற்காலி உரிமையாளருக்கு மட்டுமே இருக்கும். வாடகைக்காரருக்கு என்ன என்பதை, உரிமையாளர்கள் கையெழுத்திட்டு வெளியே வரும் முன் தெருவே எழுத்தில் வாங்கியாக வேண்டும்.

இனி, 'பதினேழா, ஒரு தாலுகாவா?' என்ற ஊர்க்கணக்கு. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடியற்காலையில் அண்ணனைப் பேருந்தில் ஏற்றிவிட்டு அவர் சோர்ந்து திரும்பும் வரை காத்திருப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காத்திருப்பு எத்தனை வீடுகளில் நடக்கிறது என்பதும் தெரியும். எண்ணிக்கை பெரிது என்பது கட்டடம் வேண்டும் என்பதை நிரூபிக்கும். அது எங்கே வர வேண்டும் என்பதை நிரூபிக்காது. வருவதற்கான விலையைப் பதினேழு குடும்பங்களே கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்பதையும் நிரூபிக்காது. தாலுகா முழுவதற்கும் நன்மை என்றால், வேறு மனையும் வீடும் தயாராகும் வரை பொறுத்திருக்கும் சிரமத்தில் ஒரு பங்கைத் தாலுகாவும் ஏற்க வேண்டும்.

சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கான பொது விசாரணை நடக்கும் நாளில் அண்ணனையும் அழைத்துக்கொண்டு போங்கள். டயாலிசிஸ் இங்கேயே வேண்டும் என்று அவர் சொல்லட்டும். அதே மேடையில் நீங்கள், வளாகத்திற்குள் இடம் பார்த்ததற்கான தாளைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். இரண்டும் பதிவாக வேண்டும். அதன்பின் அறிக்கையை ஆராயும் நிபுணர் குழுவில் அரசுசாரா சமூக அறிவியலாளர் இருவரும் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இருவரும் இருப்பார்கள். பயனைவிடப் பாதிப்பு மிகுதி என்று அவர்கள் எழுதினால், அதை மீறிப் போவதற்கு அரசு காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இவை அத்தனையும் காலத்தை வீணாக்கும் என்று ஊர்க் கூட்டத்தில் நிச்சயம் ஒருவர் சொல்வார். முறையை விட்டுத் தாண்டி எடுத்து, வழக்கில் சிக்கி, தகரம் அடைத்த வளாகமாக நின்றுபோன கட்டடத்தை அவருமே எங்காவது பார்த்திருப்பார்.

கேள்வி: இழப்பீடு இப்போது இரட்டிப்பாகக் கிடைக்கிறதாமே? பணமும் வாங்கிக்கொண்டு, மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் இடம் கொடுக்க மறுத்துப் போராடுவது சுயநலம் இல்லையா?
— ஒரு வாசகர், கல்குளம் வட்டம்

பதில்: இரட்டிப்பு என்ற சொல் எதன் இரட்டிப்பு என்பதைச் சொல்வதில்லை. சந்தை மதிப்பைக் கணக்கிட்டு, அதற்குச் சமமாக நூறு விழுக்காடு ஆறுதல் தொகையையும் சேர்க்கச் சட்டம் சொல்கிறது. ஊர்ப்புறமாக இருந்தால் நில மதிப்பை 1 முதல் 2 வரையுள்ள ஒரு காரணியால் பெருக்கவும் சொல்கிறது. ஆனால் அந்தச் சந்தை மதிப்பு எங்கிருந்து வருகிறது? அரசின் வழிகாட்டி மதிப்பிலிருந்தோ, அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான விற்பனைகளின் மேல்பாதிச் சராசரியிலிருந்தோ வருகிறது. நம் ஊரில் பிரமாணத்தில் காட்டியது ஒன்று, கைமாறியது ஒன்று. முத்திரைச் செலவை மிச்சம் பிடிக்கப் பக்கத்து வீட்டுக்காரர் குறைத்துக் காட்டிய விலை, பத்து ஆண்டுகளில் ஒரு நாளும் நிலம் விற்காத உங்கள் தலையில் வந்து இறங்குகிறது. அதை இரட்டித்தாலும் அதே ஊரில் ஐந்து சென்ட் வாங்க முடியாத நிலைதான் பலருக்கு. ஒருவேளை தொகை குறைவு என்று பட்டால், வாங்கும்போதே 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். வெறுமனே வாங்கியவருக்குப் பிறகு கூடுதல் கேட்கும் வழி அடைபட்டுவிடும்.

பணத்தைத் தவிர வீட்டையும் சட்டம் பேசுகிறது. நகர்ப்புறத்தில் வீடிழப்பவருக்கு 50 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டிய வீடு. வேண்டாம் என்பவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் குறையாத உதவி. அந்த ஒன்றரை லட்சத்தில் இன்று அடித்தளம் எழும்புமா என்று ஏதாவது ஒரு மேஸ்திரியைக் கேட்டுப் பாருங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. கொச்சி வல்லார்பாடம் சரக்குப்பெட்டக முனையத்திற்குப் பாதை அமைக்க, 2008 பிப்ரவரியில் மூலம்பிள்ளியில் வீடுகளை இடித்தார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகு, அடுத்த மாதமே 316 குடும்பங்களுக்கான மறுவாழ்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது; மலையாள நாளேடுகளில் இன்றும் 'மூலம்பிள்ளி பாக்கேஜ்' என்றால் அதுதான். காகிதத்தில் அது மோசமான திட்டம் அல்ல. ஆனால் ஒதுக்கிய மனைகளில் பல, சதுப்பை மேடாக்கிய இடங்கள். கட்டிய வீடுகள் சில சரிந்தன. பத்து ஆண்டுகள் கடந்தும் பலர் வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். முதலில் இடிப்பு, பிறகு அறிவிப்பு, அதற்கும் பிறகு மனை என்ற அந்த வரிசைதான் அவர்களைக் கெடுத்தது. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: இடம் கொடுக்க மறுப்பவர் சுயநலக்காரராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சாவியைக் கையில் வாங்காமல் வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்பவரை மட்டும் அப்படிச் சொல்லாதீர்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாகக் குளக்கரையில் குடியிருக்கிறோம். வீட்டு வரியும் கட்டுகிறோம். பி மெமோவும் கட்டியிருக்கிறோம். இப்போது நீர்நிலைப் புறம்போக்கு என்று காலி செய்யச் சொல்கிறார்கள். அதே இடத்தில் அரசு அலுவலகம் ஒன்று வரப்போவதாகவும் கேள்விப்படுகிறோம். இது என்ன நியாயம்?
— ஒரு வாசகர், உத்தமபாளையம் வட்டம்

பதில்: வருந்தத்தக்க செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பி மெமோ என்பது உரிமைச் சீட்டு அல்ல, ஆக்கிரமிப்புக்கு விதித்த தண்டத்தின் சீட்டு. அதைக் கட்டியது நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்குச் சான்றாகும், அவ்வளவுதான். நீர்நிலை ஆட்சேபகரமான புறம்போக்கு என்பதால் அங்கே பட்டா கேட்டு அலைவதில் பயன் இல்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வீடு இடிப்புகளுக்கு வகுத்த 15 நாள் முன்னறிவிப்பு நெறிமுறையும், சாலை, நடைபாதை, இருப்புப்பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகியவற்றில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்குப் பொருந்தாது. ஆயினும் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி விளக்கம் கேட்கும் அறிவிப்பு உங்களுக்கு வந்தாக வேண்டும். அதற்கு எழுத்தில் பதில் கொடுங்கள், அதிலேயே மாற்று மனை கேளுங்கள்.

ஆனால் உங்கள் கடைசி வரி என்னை உறுத்துகிறது. வீட்டுக்கு அது குளம் என்றால் அலுவலகத்திற்கும் அது குளம்தான். பொது நிலங்கள் பற்றிய 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், முறைப்படுத்துவதற்கு விதிவிலக்காக நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியல் இனத்தவர்க்கும் அரசு ஆணையின்படி குத்தகை தந்த இடங்களையும், ஏற்கெனவே பள்ளியோ மருந்தகமோ இயங்கும் இடங்களையும் சொன்னது. குடியிருப்பவரை எழுப்பிவிட்டுப் புதிதாக அலுவலகம் கட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. அந்தப் புல எண்ணின் தற்போதைய வகைப்பாடு என்ன, வகைப்பாடு மாற்றக் கோரி முன்மொழிவு ஏதேனும் போயிருக்கிறதா, அலுவலகத்திற்கான நில மாறுதல் கோப்பு எந்த நிலையில் உள்ளது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்படி மூன்று கேள்விகளை இன்றே அனுப்புங்கள். குளத்தை மீட்கத்தான் காலி செய்கிறார்கள் என்றால், உங்களோடு சேர்த்து அந்தக் குளத்திற்கும் நான் வாதாடுவேன்.

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டத்தில் வசிக்கும் தமிழர்கள். பள்ளிக் கட்டடத்திற்காக எங்கள் வீடுகள் உள்ள நிலத்தை எடுப்பது பற்றிய சமூகத் தாக்க அறிக்கையின் நகல் மலையாளத்தில் வந்திருக்கிறது. பெரியவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. இளைஞர்கள் படித்துச் சொன்னால் போதாதா, இதையும் ஒரு பிரச்சினை ஆக்க வேண்டுமா என்று பஞ்சாயத்தில் கேட்கிறார்கள்.
— ஒரு வாசகி, சித்தூர் வட்டம்

பதில்: ஆக்க வேண்டும், மரியாதையாக. கே-ரயில் என்னும் அதிவேக ரயில் பாதைத் திட்டத்திற்காக நிலத்தைக் குறிக்க மஞ்சள் கல் நட வந்தபோது கேரளம் முழுவதும் வீட்டு முற்றங்களில் எழுந்த எதிர்ப்புக்கு, தங்களிடம் யாரும் முதலில் சொல்லவில்லை என்ற கோபமும் ஒரு காரணம். சொல்வது என்றால் கேட்பவருக்குப் புரிகிற மொழியில் சொல்வது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் மதிப்பீட்டு அறிக்கையை உள்ளூர் மொழியில் வெளியிடச் சொல்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமோ, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழரும் கன்னடரும் அங்குள்ள அரசு அலுவலகங்களோடு தங்கள் மொழியிலேயே கடிதம் எழுதலாம், பதிலையும் அம்மொழியில் பெறலாம் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. உங்கள் பஞ்சாயத்து அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும், குறைதீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எழுதலாம் என்பது அரசமைப்பின் 350ஆம் பிரிவு தரும் உரிமை.

பள்ளி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பள்ளியில் தமிழ்ப் பிரிவும் இருக்கப்போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மனுவை ஒரே பக்கத்தில் முடியுங்கள். அறிக்கையின் தமிழாக்கம் வேண்டும். அது கைக்கு வந்து குறைந்தது இரண்டு வாரம் கழித்துப் பொது விசாரணை நடக்க வேண்டும். விசாரணையில் தமிழில் சொல்வது தமிழிலேயே பதிவாக வேண்டும். நாள் குறித்துவிட்டார்கள் என்றால் தமிழாக்கத்திற்குக் காத்திருக்காமல் மனுவை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நகலை மடித்து வீட்டிலேயே வைத்துவிடாமல் விசாரணைக்கு எடுத்துப் போங்கள்.